என்ரை நிரையை ஆர் பாத்தது?

எங்கள் அமைப்பின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுச் செயலாளர் தொலைபேசியில் கேட்டார். ஓய்வு பெற்றவர்களின் அனுபவங்கள் என்று ஒரு பகுதி வைக்கிறார்களாம். இரண்டு பக்கம், ஒரு புகைப்படம், இனிய நினைவுகளாக இருந்தால் நல்லது. "அக்கா, உந்தப் பழைய பிரச்சினையள் ஒண்டையும் இழுக்காதேங்கோ" என்று கடைசியில் மெதுவாகச் சொன்னார்.

"பிரச்சினையை விட்டால் எனக்கு என்ன தம்பி அனுபவம் கிடக்கு?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

ஆகவே இது இரண்டு பக்கத்தில் அடங்காது. வெட்டுகிறவர்கள் வெட்டட்டும். ஆனால் எந்த இடத்தில் வெட்டினார்கள் என்று வாசிக்கிறவர்களுக்குத் தெரியும்படி ஒரு கோடு போட்டு வெட்ட வேண்டும். என் நிபந்தனை அவ்வளவுதான்.

நான் இந்த அமைப்பில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்தவள். மனநோய்க்கு மருந்தும் ஆறுதலும் கொடுக்கிற சிகிச்சை நிலையங்களை நடத்துகிற அமைப்பு இது. தலைமைக் கந்தோரும் முதலாவது நிலையமும் உரும்பிராயில். பிறகு வட்டுக்கோட்டையில் ஒன்று வந்தது, கடைசியாகக் காங்கேசன்துறையில் ஒன்று. முதல் பத்து வருடம் பதிவறையில் நோயாளிகளின் அட்டைகளோடு இருந்தேன், மிச்சக் காலம் கொம்பியூட்டரோடு. பதவிப் பெயர் தரவுத்தள அலுவலர். ஊழியர்கள் நேரே கூப்பிட்டது 'கொம்பியூட்டர் அக்கா'. முதுகுக்குப் பின்னால் 'பூட்டு அக்கா' என்றும் ஒரு பெயர் இருந்தது. அது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு நன்றாகத் தெரியும், பிடித்தும் இருந்தது.

எங்கள் ஆட்களின் ஒரு பழக்கத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். ஒரு கலியாணப் பேச்சு வந்தால், சாதகக் குறிப்புப் பொருந்தியவுடன் விசாரிக்கத் தொடங்குவார்கள். வேலை செய்கிற இடத்தில் விசாரிப்பார்கள், பக்கத்து வீட்டில் விசாரிப்பார்கள், படித்த பள்ளிக்கூடத்தில் விசாரிப்பார்கள். பிறகு, காதும் காதும் வைத்தாற்போல, எங்கள் பதிவறைக்கும் ஒருவர் வருவார். 'பெடியன் இஞ்சை எப்பவாவது மருந்து எடுத்தவனோ, பெட்டை வந்துபோனவளோ' என்று கேட்க. வருகிறவர் கெட்டவர் அல்ல. தன் பிள்ளைக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் வருவார். அதனால்தான் அவரைத் தடுப்பது கள்ளனைத் தடுப்பதைவிடக் கடினம்.

பதிவறைப் பொறுப்பாளர் நவரத்தினம் சேர் இதை எப்படிக் கையாண்டார் என்பதை நான் ஆறுதலாக, அவசரப்படாமல், எழுதப் போகிறேன், ஏனென்றால் என் தொழில் முழுவதும் அதிலிருந்துதான் வந்தது.

ஒருநாள் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, மடித்த குடை, ஊரில் எல்லோரும் எழுந்து நிற்கிற மனிதர். சேரும் எழுந்து நின்றார். சுவரோரம் கிடந்த கதிரையைத் தானே தூக்கி வந்து போட்டு, துவாயால் ஒருதரம் தட்டி, "இருங்கோ" என்றார். தேத்தண்ணிக்குச் சொன்னார். வந்தவர் மெதுவாக விசயத்தைச் சொன்னார். மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது, பெடியனுடைய பெயர் இன்னது, சும்மா ஒருக்கால் அந்த அலுமாரியில் அவன் அட்டை இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

சேர் "அதுக்கென்ன" என்றார். திறந்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மேசை லாச்சியிலிருந்து ஒரு பெரிய கொப்பியை எடுத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். பேனை மூடியைக் கழற்றிப் பின்பக்கம் செருகினார். தேதியை எழுதினார். பிறகு தலை நிமிராமல் கேட்டார்.

"உங்கடை பேர்?"

அதிபர் சொன்னார். எழுதினார்.

"பதவி?"

"ஓய்வுபெற்ற அதிபர்." அதையும் எழுதினார்.

"என்னத்துக்குப் பாக்கிறியள்?"

இந்த மூன்றாவது கேள்வியைக் கேட்டுவிட்டுச் சேர் பேனையைக் கடதாசியில் வைத்தபடி காத்திருந்தார். ஒரு அவசரமும் இல்லை. வெளியே மருந்துக்கு வந்தவர்களின் பெயர் கூப்பிடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எழுதத்தான் வேணுமோ?" என்று அதிபர் கேட்டார்.

"ஓம். எழுதாமல் அலுமாரி திறக்கிறேல்லை. வைத்தியர் வந்தாலும் எழுதித்தான் திறக்கிறது."

அதிபர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். மழை வரும்போல இருக்கிறது என்றார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சேரோடு நான் வேலை செய்த வருடங்களில் அவர் ஒருவருக்கும் 'ஏலாது' என்று சொன்னதை நான் கேட்கவில்லை. கதிரை போடுவார், மூன்று கேள்வி கேட்பார். முதல் இரண்டுக்கும் எல்லோரிடமும் பதில் இருந்தது. மூன்றாவதை எழுத்தில் கொடுக்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

பிறகு கொம்பியூட்டர் வந்தது. என்னைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஆறு மாதம், யாழ்ப்பாணம் ரவுனில், காற்றாடி சுற்றாத ஒரு அறையில். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. படித்தேன், பாசானேன், திரும்பி வந்தேன்.

அட்டைகளை எல்லாம் தரவுத்தளத்தில் ஏற்றினோம். கொம்பியூட்டர் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், பயப்பட வேண்டாம். அது ஒரு பெரிய அட்டவணை. ஒரு நோயாளிக்கு ஒரு நிரை. பெயர், வயது, ஊர், முகவரி, நோய், மருந்து என்று மேலிருந்து கீழே போகிறவை நிரல்கள். பள்ளிக்கூடக் கணக்கில் படித்த அதே நிரையும் நிரலும்தான். சிக்கல் எங்கே என்றால், அட்டவணைக்குள் போக ஒருவருக்கு அனுமதி கொடுத்தால் அவருக்கு எல்லா நிரையும் தெரியும். அலுமாரியின் எல்லா லாச்சியையும் இழுத்துத் திறந்து வைத்துவிட்டு 'உன்னுடையதை மட்டும் பார்' என்று சொல்கிற மாதிரி.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. அட்டவணைக்கு ஒரு விதி எழுதலாம். உரும்பிராய் நிலையத்தார் திறந்தால் உரும்பிராய் நிலையத்தின் நிரைகள் மட்டும் வரும். வட்டுக்கோட்டையார் திறந்தால் அவர்களுடையவை. மற்ற நிரைகள் பூட்டிக் கிடப்பதாகக்கூடத் தெரியாது. அவர்களைப் பொறுத்தவரை அப்படி ஒரு ஆள் உலகத்திலேயே இல்லை. இந்த விதியை எழுதிய அன்று எனக்கு வந்த சந்தோசத்தை என்னவென்று சொல்ல! அன்று மத்தியானம் சாப்பிடவே மறந்துபோனேன்.

சேர் ஓய்வு பெறுவதற்கு இரண்டு கிழமை இருந்தது. கூப்பிட்டுக் காட்டினேன். பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, ஒவ்வொரு நிலையத்தின் பெயரிலும் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்தார். 'கெட்டிக்காரி' என்று சொல்வார் என்று காத்திருந்தேன்.

"எல்லாம் சரி," என்றார். "உம்மை இது கேள்வி கேக்குமோ?"

"எனக்கு விளங்கேல்லை சேர்."

"நீர்தானே உதுக்குச் சொந்தக்காரி. நீர் திறந்தால் என்ன தெரியும்?"

திறந்து பார்த்தேன். எல்லா நிரையும் வந்து நின்றன. அட்டவணையை உருவாக்கியவரை விதி கட்டாது, அதன் இயல்பு அப்படி. ஊருக்கெல்லாம் பூட்டுப் போட்ட நான் என்னை வெளியே விட்டிருந்தேன். அன்று பின்னேரமே விதி என்னையும் கட்டும்படி இன்னொரு கட்டளை எழுதினேன். அதை நீக்குகிற கடவுச்சொல்லில் பாதி என்னிடம், மற்றப் பாதி பிரதம வைத்தியரிடம். சேர் அதைப் பார்த்துவிட்டுத்தான் கொப்பியையும் சாவிக் கோர்வையையும் கையளித்தார். "மூண்டாம் கேள்வியை விட்டிடாதையும்" என்றார். அவர் காலமாகி இப்போது பல வருடம்.

மூன்றாம் கேள்வியை நான் விட்டுவிட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய பிழை அதுதான். அதை வேறொருவர் தலையில் போட நான் விடமாட்டேன்.

பிழை எப்படி வந்தது என்று சொல்கிறேன். எந்த நிரை எந்த நிலையத்துக்குரியது என்று விதிக்குச் சொல்ல ஒரு நிரல் வேண்டும். முகவரி என்ற நிரலை எடுத்துப் பார்த்தேன். எங்கள் நோயாளிகளில் பாதிப் பேர் இடம்பெயர்ந்து வந்தவர்கள். வாடகை வீடு, உறவினர் வீடு, முகாம் என்று முகவரி ஏழு எட்டுத் தடவை மாறிக் கிடந்தது. ஊர் என்ற நிரல் மட்டும் ஒருவருக்கும் மாறவில்லை. மாறாததைப் பிடித்தால் நல்லது என்று ஊரைப் பிடித்தேன். எந்த ஊர் எந்த நிலையத்துக்கு என்று ஒரு சின்னப் பட்டியலும் போட்டேன். காங்கேசன்துறை அந்தக் காலத்தில் இராணுவத்தின் கையில் இருந்தது, ஒருவரும் போக முடியாது, அந்த ஊர்க்காரர் எல்லோரும் உரும்பிராய்ப் பக்கம்தான் இருந்தார்கள். ஆகவே காங்கேசன்துறை என்றால் உரும்பிராய் நிலையம் என்று எழுதினேன். வருடக் கணக்காக ஒரு குறையும் வரவில்லை.

ஆனால் எங்கள் ஆட்களிடம் 'எந்த ஊர்' என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? இருக்கிற இடத்தையா சொல்வார்கள்? உரும்பிராயில் பிறந்து, உரும்பிராயில் வளர்ந்து, காங்கேசன்துறைக் கடலை ஒருநாளும் கண்ணால் காணாத பிள்ளையும் 'காங்கேசன்துறை' என்றுதான் சொல்லும். தாய் தகப்பன் விட்டுவிட்டு வந்த ஊர்தான் அதற்கு ஊர். நானும் யாழ்ப்பாணத்தவள்தானே, இது எனக்குத் தெரியாதா? தெரியும். கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தபோது மறந்துபோனேன்.

பிறகு இராணுவம் அந்த ஊரை விட்டது. ஆட்கள் திரும்பிப் போகத் தொடங்கினார்கள். எல்லோரும் போகவில்லை. அங்கே எங்கள் புதிய நிலையம் திறந்தபோது நான் பட்டியலில் ஒரேயொரு வரியை மாற்றினேன். காங்கேசன்துறை என்றால் காங்கேசன்துறை நிலையம். திறப்பு விழாவில் என் பெயரையும் சொல்லிக் கைதட்டினார்கள்.

அடுத்தநாள் உரும்பிராய்த் தாதி தொலைபேசி எடுத்தார். "அக்கா, கனபேரைக் காணேல்லை. வழமையா வாற ஆக்கள், இப்ப முன்னாலை இருக்கினம், கொம்பியூட்டரிலை இல்லை."

அந்த இடத்தில் நான் நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அவசரத்துக்கு அந்த நிரைகளை இரண்டு நிலையத்துக்கும் தெரியும்படி செய்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனேன். ஐந்து நிமிட வேலை.

நாலு மாதம் கழித்துச் சுகந்தி வந்தாள். சுகந்தி என்பது அவளுடைய உண்மைப் பெயர் அல்ல. எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டி, அவள் வேண்டாம் என்று சொன்ன இரண்டு வசனத்தை எடுத்துவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுக்கிறேன். முன்பள்ளி ஒன்றில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். ஊர் என்ற நிரலில் காங்கேசன்துறை என்று இருந்தாலும், உரும்பிராய் நிலையத்தில் மருந்து எடுத்துக்கொண்டு, ஒழுங்காக வேலைக்குப் போய், நன்றாக இருந்த பிள்ளை. காங்கேசன்துறை மாப்பிள்ளை ஒருவரைப் பேசி, நாளும் வைத்தாயிற்று. அவரிடம் தன் வாயால் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம். அந்த ஞாயிற்றுக்கிழமை சொல்வதாக இருந்ததாம். வியாழக்கிழமை மாப்பிள்ளையின் தாய் வீட்டுக்கு வந்து, என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்பது வரைக்கும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கலியாணம் குழம்பிப்போயிற்று.

கதிரையைக் காட்டினேன். இருக்கவில்லை.

"கலியாணம் போனது போகட்டும்" என்றாள். "எனக்கு ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அம்மாவுக்குக்கூட மருந்தின்ரை பேர் தெரியாது. உங்களிட்டை மட்டும்தான் சொன்னனான். என்ரை நிரையை ஆர் பாத்தது?"

'நிரை' என்ற சொல்லை அவள் எங்கே பிடித்தாள் என்று தெரியவில்லை. தாதிகள் கதைப்பதைக் கேட்டிருக்கலாம்.

யார் எந்த நேரம் எந்த நிரையைத் திறந்தார்கள் என்று தரவுத்தளம் தானாகவே குறித்துவைக்கும். அதைப் பார்த்தேன். காங்கேசன்துறை நிலையத்தின் பதிவு உதவியாளர் மாலா, ஒரே பின்னேரத்தில் மூன்று தரம். மாப்பிள்ளை வீட்டாருக்கு நெருங்கிய சொந்தம் என்று பிறகு தெரிந்தது. என்ன காரணத்துக்குப் பார்த்தாள் என்ற இடம் வெறுமையாக இருந்தது. வெறுமையாக இருந்தது அல்ல, அப்படி ஒரு இடமே இல்லை. தன் நிலையத்து நிரையைத் திறக்கக் காரணம் என்னத்துக்கு என்று நான்தான் அந்தக் கேள்வியை வைக்காமல் விட்டிருந்தேன்.

நோயாளிக்கு அந்தக் குறிப்பைக் காட்டலாமா என்று எங்கள் சட்டதிட்டத்தில் ஒரு வரியும் இல்லை. காட்டலாம் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை. நான் அச்சடித்து, கையெழுத்து வைத்து, அவள் கையில் கொடுத்தேன்.

"பாத்தது மாலா," என்றேன். "பாக்க விட்டது நான்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். கடதாசியை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள். "நன்றி அக்கா" என்றாள். அவள் என் முகத்தில் அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அப்போதிருந்த பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், ஒருநாளும் சத்தம் போட்டுக் கதைக்கமாட்டார். நான் கொடுக்க இருந்த அறிக்கைக்குப் பதிலாகத் தானே ஒன்று எழுதி வைத்திருந்தார். விசாரித்ததில் அனுமதியற்ற அணுகல் எதுவும் நடைபெறவில்லை, விதிகள் மீறப்படவில்லை என்று இரண்டே வரி. கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"இது பொய்யில்லைத்தானே?" என்றார்.

"பொய்யில்லை சேர்."

"அப்ப வையும்."

"விதி மீறப்படேல்லை. விதிதான் பிழை. அந்த விதி என்ரை."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பாரும், உது வெளியிலை போனால் நாளைக்கு ஒருத்தரும் எங்களிட்டை மருந்துக்கு வரமாட்டினம். அதோடை உம்மடை பேரைத்தான் நீர் கெடுக்கிறீர்."

"என்ரை பேர்தானே சேர். கெட்டால் கெடட்டும். அந்தப் பிள்ளையின்ரை பேரை நாங்கள் கேக்காமலே கெடுத்துப்போட்டம்."

"உமக்குப் பதவி உயர்வு வருது எண்டு தெரியுமோ?"

"தெரியும்."

அவருடைய கடதாசியை மேசையில் வைத்துவிட்டு என் அறிக்கையைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஊர் என்ற நிரலை வைத்து விதி எழுதியது பிழை, இரண்டு நிலையத்துக்கும் திறந்துவிட்டது அதைவிடப் பெரிய பிழை, காரணம் கேட்காமல் விட்டது எல்லாவற்றிலும் பெரிய பிழை, செய்தவர் கீழே கையொப்பமிட்டவர். அந்தப் பதவி உயர்வு எனக்கு வரவில்லை. ஓய்வு பெறும்வரை வரவில்லை. அதற்காக இந்த நிமிடம்வரை நான் கவலைப்பட்டது கிடையாது. பதவி போன ஆத்திரத்தில் எழுதுகிறாள் என்று யாராவது சொன்னால், சொல்கிறவருக்கு என்னைத் தெரியாது.

மாலாவை வேலையை விட்டு நிற்பாட்டினார்கள். போகும்போது என்னிடம் வந்தாள். "அக்கா, நான் பூட்டை உடைக்கேல்லை. திறந்து கிடந்தது. எங்கடை ஊர்ப்பிள்ளை எண்டுதானே பாத்தனான்" என்றாள். அவளில் எனக்கு இன்றைக்கும் கோபம்தான். ஆனால் அவள் சொன்னது சரி. 'எங்கடை ஊர்ப்பிள்ளை' என்று அவள் நினைத்ததைத்தான் நான் விதியாக எழுதி வைத்திருந்தேன்.

விதியை முழுவதும் அழித்துவிட்டுத் திரும்ப எழுத எட்டு மாதம் எடுத்தது. புதியது இப்படி. ஒரு நிரை ஊருக்கும் சொந்தமில்லை, நிலையத்துக்கும் சொந்தமில்லை. இப்போது மருந்து கொடுக்கிற வைத்தியரும் தாதியும் பார்க்கலாம். வேறு யாரும் அவசரத்துக்குத் திறக்க வேண்டுமென்றால் திரையில் மூன்று கேள்வி வரும். பெயர் என்ன, பதவி என்ன, என்னத்துக்குப் பார்க்கிறீர்கள். மூன்றாவதற்குப் பதில் எழுதாமல் திறக்காது. எழுதினால் உடனே திறக்கும், ஒருவரும் தடுக்கமாட்டார்கள், ஏனென்றால் உயிர் போகிற நேரத்தில் பூட்டு ஒரு பூட்டல்ல. ஆனால் எழுதியது அழியாது. கடைசியாக ஒன்று, இதற்காகத்தான் கூட்டத்துக்குக் கூட்டம் நின்று சண்டை பிடித்தேன். எந்த நோயாளியும் எந்த நாளும் வந்து, தன் நிரையை யார் பார்த்தது என்று கேட்டால், பட்டியலை அச்சடித்துக் கையில் கொடுக்க வேண்டும்.

"ஆர் அக்கா வந்து கேக்கப் போகினம்?" என்று கூட்டத்தில் சிரித்தார்கள்.

சுகந்தி கேட்டாள். ஒவ்வொரு வருடமும் தைப்பொங்கல் கழிந்த கிழமை வருவாள். பட்டியலை வாங்குவாள். நின்ற இடத்திலேயே வாசிப்பாள். வைத்தியர், தாதி, வைத்தியர், தாதி. நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவாள். மூன்றாவது வருடம் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். "இவருக்கு நானே சொன்னனான்" என்று எனக்கு அறிமுகப்படுத்தினாள். அந்த மனிதர் கூச்சத்தோடு சிரித்தார். அடுத்த வருடம் அவர்களுக்குக் கலியாணம். இருபத்தெட்டு வருட வேலையில் எனக்கு யாராவது பரிசு தந்தார்கள் என்றால் அந்த 'நானே சொன்னனான்' ஒன்றுதான்.

நான் ஓய்வு பெற்றேன். புதிய நிர்வாகம் வந்தது, புதிய மென்பொருள் வந்தது. எல்லா நிலையமும் ஒரே குடும்பம், ஆகவே எல்லா ஊழியரும் எல்லா நிரையையும் பார்க்கலாம் என்று முடிவெடுத்தார்களாம். வேலை சுறுக்காக நடக்குமாம். குடும்பம் என்றால் எல்லாவற்றையும் பார்க்கலாம் என்று இவர்களுக்கு யார் சொன்னார்கள்? குடும்பத்துக்குத் தெரியக்கூடாது என்றுதானே பாதிப் பேர் எங்களிடம் வந்தார்கள்!

இந்தத் தைப்பொங்கல் கழிந்து சுகந்தி தொலைபேசி எடுத்தாள்.

"அக்கா, பட்டியல் தரமாட்டினமாம்."

"ஆர் சொன்னது?"

"கவுண்டரிலை. அப்பிடி ஒண்டு இப்ப இல்லையாம்."

வெளிக்கிட்டுப் போனேன். இரண்டு பேருமாகக் கவுண்டரில் நின்றோம். இருந்த பிள்ளை மரியாதையான பிள்ளை, என்னை அடையாளமும் கண்டுகொண்டாள். "அக்கா, கோவிக்காதேங்கோ, சிஸ்டத்திலை அந்த பட்டன் இல்லை" என்றாள்.

"பட்டன் இல்லையெண்டால் விடும். ஆர் பாத்தது எண்டு உள்ளுக்குக் குறிக்குதோ இல்லையோ?"

"குறிக்குதாம் அக்கா. ஆனால் நோயாளியளுக்குக் குடுக்கக் கூடாதெண்டு சொல்லியிருக்கினம்."

சுகந்தி ஒரு கடதாசியில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாள். பதில் இல்லை. நான் இரண்டு கடிதம் எழுதினேன். ஒரு பதில் வந்தது. நீங்கள் இப்போது ஊழியர் அல்லாதபடியால் இவ்விடயம் தொடர்பாகக் கேள்வி எழுப்ப உங்களுக்கு உரித்தில்லை என்று அழகான தமிழில் எழுதியிருந்தார்கள்.

அதுதான் பார்ப்போம்.

இருபத்தெட்டு வருடம் என்று மேலே எழுதினேன். அது வேலை செய்த காலம். நான் அந்தப் படலையைத் திறந்து முதன்முதல் உள்ளே போனது அதற்கு ஒரு வருடம் முன்னால். வேலை கேட்டுப் போகவில்லை. மருந்துக்குப் போனேன். அப்போது எனக்கு நடக்க ஒருவர் கைப்பிடிக்க வேண்டியிருந்தது, கதை பேச்சு இல்லை. சுகம் வந்த பிறகுதான் பதிவறையில் ஆள் தேவை என்று வைத்தியர் என்னை நவரத்தினம் சேரிடம் அனுப்பினார். முதல்நாள் காலையில் சேர் அலுமாரியைத் திறந்து, என்னுடைய அட்டையை எடுத்து, பார்க்காமல் கவிழ்த்து என் கையில் தந்தார். "இது உம்மடை. எந்த லாச்சியிலை வைக்கிறதெண்டு நீர் சொல்லும்" என்றார். அவருடைய சாவிக்கு மட்டும் திறக்கிற மேல் லாச்சியில் வைக்கச் சொன்னேன். வைத்தார். அதற்குப் பிறகு ஒரு நாளும் அதைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. அட்டையெல்லாம் கொம்பியூட்டரில் ஏறியபோது அதுவும் ஏறியது. நான்தான் ஏற்றினேன்.

என்னோடு ஒரே அறையில் இருந்து சோறு சாப்பிட்டவர்கள் இதை வாசித்துவிட்டு 'எங்களுக்குத் தெரியாதே!' என்று சொல்லப்போகிறார்கள். தெரியாதுதான். பூட்டு வேலை செய்தது. என்ன நோய், எதனால் வந்தது, இப்போதும் மருந்து எடுக்கிறேனா என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். நோயாளி என்று சொல்வது என் விருப்பம், ஆகவே சொல்கிறேன். மிச்சம் என் நிரையில் இருக்கிறது. உங்களில் யார் யார் அதை ஏற்கனவே திறந்து பார்த்தீர்கள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

மலர் வெளியீட்டு விழாவில் என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துவதாகச் செயலாளர் சொன்னார். வருவேன். சுகந்தியும் தன் விண்ணப்பத்தோடு என்னோடு வருகிறாள், தானாகவே வருகிறாள். கதிரை போட்டால் இருப்போம், போடாவிட்டால் நிற்போம். பொன்னாடை பிறகு. முதலில் பணிப்பாளர் என்னுடைய பட்டியலைக் கேட்கிற இந்தக் கடதாசியை வாங்கிக்கொள்ளட்டும். இந்தக் கட்டுரையில் எதை வெட்டினாலும் இதை மட்டும் வெட்டாதீர்கள்.

பெயர்: சி. யோகேஸ்வரி.

பதவி: நோயாளி.

என்னத்துக்குப் பார்க்கிறீர்கள்: அது என்னுடைய நிரை.